விளைச்சல் குறைந்த ஆண்டும் பசி கூடிய ஆண்டும்: இலங்கையின் நெற்கணக்கு, 2017–2022

2017ஆம் ஆண்டில் இலங்கை அறுவடை செய்த நெல் 23.8 இலட்சம் மெட்ரிக் தொன். 2022ஆம் ஆண்டில் அறுவடை செய்தது 33.9 இலட்சம் தொன். முதலாவது கடும் வறட்சியின் விளைவு. இரண்டாவது, மழை ஏமாற்றாத காலத்தில், இரசாயனப் பசளைத் தடையைத் தொடர்ந்து வந்த வீழ்ச்சி. தொன் கணக்கை மட்டும் வைத்துப் பார்ப்பவர் 2017ஐத்தான் நெருக்கடி ஆண்டு என்பார். ஏனெனில் அந்த ஆண்டில் 2022ஐவிடப் பத்து இலட்சம் தொன் நெல் குறைவாக விளைந்தது. நடந்தது வேறு. 2017இல் வறட்சி தாக்கிய மாவட்டங்களில் துன்பம் இருந்தது, ஆனால் நாடு தழுவிய உணவு நெருக்கடி வரவில்லை. 2022 செப்டெம்பரிலோ, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு, நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பற்ற நிலையில் இருப்பதாகக் கூறியது. அதே மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது.

அதிகம் விளைந்த ஆண்டில் பசி ஏன் கூடியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ஒரு நாட்டின் தானிய விளைச்சல் முன்னறிவிப்பை அந்நாட்டின் உணவு வழங்கலுக்கான முன்னறிவிப்பாகவே வாசித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கம் எங்கே வழுக்குகிறது என்பதை இலங்கை அனுபவம் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் சமகால நிகழ்வுகள் அதிகமில்லை.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

இலங்கையில் நெல் இரண்டு போகமாக விளைகிறது. ஒக்டோபர், நவம்பரில் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைத்து, சனவரி இறுதி தொடங்கி மார்ச் வரை அறுவடை செய்வது பெரும்போகம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து ஆகஸ்ட், செப்டெம்பரில் அறுப்பது சிறுபோகம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் ஆண்டின் விளைச்சல் என்று அறிவிப்பது, முந்தைய ஆண்டின் இறுதியில் விதைக்கப்பட்ட பெரும்போகத்தையும் அந்த ஆண்டின் சிறுபோகத்தையும் சேர்த்த தொகையாகும். பார்க்கச் சாதாரணமான இந்த ஏற்பாடு, பின்னால் வரப்போகும் குழப்பத்தில் பெரும் பங்கு வகித்தது.

நெல்லை அரிசியாக்கும் கணக்கும் நேரானது. விதைநெல்லுக்கும் சேதத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கை அரிசியாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் அரிசி ஏறத்தாழ 110 கிலோ என்று கொண்டால், 2 கோடியே 20 இலட்சம் மக்களுக்கு 24 இலட்சம் தொன் அரிசி வேண்டும். மாதத்துக்கு இரண்டு இலட்சம் தொன் என்று வணிகர்கள் வாய்ப்பாடாகச் சொல்வதும் இதைத்தான். 2021இல் விளைந்த 51.5 இலட்சம் தொன் நெல் இந்தக் கணக்கில் 30 இலட்சம் தொன் அரிசியாகிறது; தேவை போக ஆறு இலட்சம் தொன் மிச்சம். 2022இன் 33.9 இலட்சம் தொன் நெல் 20 இலட்சம் தொன் அரிசிதான் தரும். நான்கு இலட்சம் தொன் பற்றாக்குறை. 2017இன் நெல்லோ 14 இலட்சம் தொன் அரிசிக்குத்தான் போதும். மக்கள்தொகை சற்றுக் குறைவு என்பதைக் கணக்கில் எடுத்தாலும் ஒன்பது இலட்சம் தொன் பள்ளம்.

அந்தப் பள்ளத்தை 2017இல் கப்பல்கள் நிரப்பின. இறக்குமதி வரி குறைக்கப்பட்டது. ஏழு இலட்சம் தொன்னுக்கும் மேல் அரிசி வந்து இறங்கியது. மீதியைக் கையிருப்பு தாங்கியது. அந்த ஆண்டு முடிவில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 8 பில்லியன் டொலர். அரிசி வாங்கக் காசு இருந்தது என்ற ஒரே காரணத்தால், நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு கடுமையானது என்று பேசப்பட்ட அந்த வறட்சி, பெரும்பாலான நகரத்துச் சமையலறைகளில் விலையேற்றமாக மட்டுமே உணரப்பட்டது.

வர்த்தமானியும் அதன் பின்னணியும்

2019 சனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச முன்வைத்த ‘சுபீட்சத்தின் நோக்கு’ கொள்கைப் பிரகடனம், பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் சேராத இயற்கை விவசாயத்துக்கு, மாறுவதைப் பற்றிப் பேசியது. பதவிக்கு வந்த அரசு முதலில் அதற்கு நேர்மாறாக, நெல் விவசாயிகளுக்கு இரசாயனப் பசளையை இலவசமாகக் கொடுத்தது. பின்னர் 2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை ஒப்புதல் அளிக்க, மே 6ஆம் திகதி வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் மூலம் இரசாயனப் பசளை, பூச்சிகொல்லி, களைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பத்தாண்டுத் திட்டம் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது.

சொல்லப்பட்ட காரணம் மக்களின் உடல்நலம். வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களைப் பாதித்திருக்கும் சிறுநீரக நோய் கற்பனையன்று. அதற்குப் பசளைதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்றாலும், அந்த மக்களின் அச்சத்தை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. சொல்லப்படாத காரணம் டொலர். 2020இல் பசளை இறக்குமதிக்குச் செலவானது ஏறத்தாழ 259 மில்லியன் டொலர். 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியனாகக் கரைந்தது. கடன் தவணைகள் வரிசையாகக் காத்திருந்த நிலையில், பசளையை நிறுத்துவது சுலபமான சேமிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். நீர்ப்பாசன வயலொன்றில் மூன்றரை மாத நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்துவந்த யூரியா ஹெக்டேயருக்கு 225 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். எனவே பயிருக்குப் போவது ஏறத்தாழ 103 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம். நடுவாக ஒன்றரை என்று எடுத்தால், அதே நைதரசனைக் கொடுக்க ஹெக்டேயருக்கு ஏழு தொன் கூட்டெரு வேண்டும். பெரும்போகத்தில் விதைக்கப்படும் பரப்பு ஏறத்தாழ ஏழரை இலட்சம் ஹெக்டேயர். எல்லா வயலுக்கும் இதே அளவு என்று வைத்தால் 52 இலட்சம் தொன் கூட்டெரு; அதாவது நாட்டின் மிகச் சிறந்த ஆண்டொன்றின் மொத்த நெல் விளைச்சலுக்குச் சமமான எடை. அதை ஐந்து மாதத்தில் தயாரித்து, தரம் பார்த்து, மூட்டை கட்டி, லொறியேற்றி வயலுக்குச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் கூட்டெருவின் நைதரசன் மெல்ல மெல்லத்தான் வெளிவரும். நூறு நாளில் முற்றும் பயிர் அதற்காகக் காத்திருக்காது. மானாவாரி வயல்களுக்குத் தேவை குறைவு என்று கழித்துக்கொண்டாலும் இக்கணக்கு நடைமுறைச் சாத்தியத்துக்கு அருகில்கூட வராது.

ஏமாற்றிய ஆண்டு

தடை வந்த சில மாதங்களுக்குள்ளேயே நெல் விளைச்சல் விழுந்துவிட்டது என்று வெளிநாட்டு இதழ்கள் பலவற்றில் எழுதப்பட்டது. உத்தியோகபூர்வக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2021 சிறுபோகத்தில் ஏறத்தாழ 20.9 இலட்சம் தொன் விளைந்தது. அது நல்ல விளைச்சல். வர்த்தமானி வெளிவந்தபோது சிறுபோக விதைப்பு தொடங்கிவிட்டது, கடைகளிலும் கமநல சேவை நிலையங்களிலும் பழைய பசளை இருந்தது. அதற்கு முந்தைய பெரும்போகத்தின் 30.6 இலட்சம் தொன்னும் சேர்ந்தபோது, பசளையைத் தடை செய்த 2021ஆம் ஆண்டே புள்ளிவிபர ஏட்டில் 51.5 இலட்சம் தொன்னோடு மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாகப் பதிவானது. பசளை இல்லாமலும் விளையும் என்று வாதிட்டவர்களுக்கு இந்த எண் கொஞ்ச காலம் கேடயமாக இருந்தது.

சந்தை அந்த எண்ணை நம்பவில்லை. சாதனை விளைச்சல் கண்ட அதே ஆண்டின் ஆகஸ்ட் இறுதியில் அத்தியாவசிய உணவு விநியோகத்துக்காக அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. ஓய்வுபெற்றவரல்ல, சேவையிலிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் அந்த விநியோகத்துக்கான ஆணையாளராக நியமிக்கப்பட்டார். செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை அறிவிக்கப்பட்டது: சம்பா கிலோ 103 ரூபாய், நாட்டரிசி 98, பச்சையரிசி 95. களஞ்சியங்கள் சோதனையிடப்பட்டன. அந்த விலைக்கு அரிசி கடைக்கு வராததால், மாத இறுதிக்குள் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. ஆறு இலட்சம் தொன் மிச்சம் இருக்க வேண்டிய நாட்டில் அரிசியைத் தேடிக் களஞ்சியத்தைத் திறக்க வேண்டிவந்தது என்றால், ஆலைக்காரர்களும் வணிகர்களும் வரப்போகும் பெரும்போகத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பதே பொருள். பதுக்கல் குற்றம்தான், ஆனால் எதிர்காலம் பற்றிய தகவலும் அந்தப் பதுக்கலுக்குள் இருந்தது.

விவசாயிகளும் முன்னமே சொல்லியிருந்தார்கள். 2021 யூலையில் வெரிட்டே ரிசேர்ச் என்ற ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், விளைச்சல் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் 85 சதவீதம். அவர்கள் எதிர்பார்த்த சராசரி வீழ்ச்சி 47 சதவீதம். அதே கணிப்பில் பெரும்பான்மையோர் சேதன விவசாயம் என்ற நோக்கத்தை ஆதரித்ததையும், அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்டதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எதிர்ப்பு கொள்கைக்கன்று, கால அட்டவணைக்கு.

வயலில்

2021/22 பெரும்போகத்தில் வயல்கள் தரிசாகக் கிடக்கவில்லை. விதைத்த பரப்பு முந்தைய ஆண்டை ஒட்டியே இருந்தது. அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் அநுராதபுரத்திலும் குளங்களில் தண்ணீர் இருந்தது. வீதியிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சை தெரிந்தது. வித்தியாசம் வரப்பில் இறங்கிப் பார்த்தால்தான் புரியும். விதைத்து இரண்டாம் கிழமையில் போட வேண்டிய முதல் மேற்கட்டுப் பசளை (வளரும் பயிருக்கு மேலாகத் தூவும் பசளை) விழாத பயிர், அடி இலையிலிருந்து வெளிறத் தொடங்கும். மட்டம் வெடிப்பது, அதாவது தூரிலிருந்து பக்கக் கிளைகள் விடுவது, குறையும். ஒரு தூரில் வர வேண்டிய கதிர்கள் பாதியாகும். குடலைப் பருவத்துக்கு (கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவம்) முன் போடும் பசளையும் இல்லையென்றால், வந்த கதிரிலும் மணிகள் குறையும், பதர் கூடும். களைகொல்லியும் இல்லாததால் நெல்லோடு களையும் சேர்ந்து வளர்ந்து, இருக்கிற கொஞ்ச நைதரசனையும் பங்கு கேட்டது. பயிரின் இந்த நிலை நவம்பர் நடுப்பகுதியிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. அறுவடை வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றாகக் கொண்டுவரப்பட்டவற்றின் கதை தனியே எழுதத் தக்கது. சீன நிறுவனமொன்றிடம் வாங்கவிருந்த சேதனப் பசளையின் மாதிரியில் பயிருக்குத் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கண்டறிந்தது. 20,000 தொன்னை ஏற்றிய ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல் இறக்க அனுமதியின்றிக் கடலில் சுற்றியது. பணம் செலுத்தாததால் மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் இறக்காத சரக்குக்காக 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து இஃப்கோ நிறுவனத்தின் திரவ நனோ யூரியா விமானத்தில் வந்தது. அரை லீற்றர் போத்தல் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று விளம்பரம். அந்தத் திரவத்தில் நைதரசன் 4 சதவீதம்; அரை லீற்றரில் 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது இருபது கிலோவுக்கும் மேல். இலையில் தெளிப்பதால் வீணாவது குறையும் என்ற வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், ஆயிரம் மடங்கு இடைவெளியைப் போத்தலின் பெயரால் நிரப்ப முடியாது.

நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கப்படுவதாக விவசாய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே அறிவித்தார். அறிவித்தல் வந்தது, பசளை வரவில்லை. உலகச் சந்தையில் யூரியாவின் விலை அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மும்மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அரசின் மானியம் நின்றுபோயிருந்தது. இறக்குமதிக்கு வங்கி பொறுப்பேற்கும் கடன் கடிதம் திறக்க வங்கிகளிடம் டொலர் இல்லை. ஒக்டோபரில் விதைத்த வயல்களுக்கு மேற்கட்டுப் பசளையின் காலம் முக்கால்வாசி கடந்துவிட்டது.

அறுவடை 19.3 இலட்சம் தொன். முந்தைய பெரும்போகத்தோடு ஒப்பிட்டால் 37 சதவீதம் குறைவு. விதைத்த ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 4 தொன்னாக இருந்தது 2.6 தொன்னாயிற்று. கிழக்கில் பேசும் கணக்கில், 66 கிலோ மூடையாக, ஏக்கருக்கு 24 மூடை எடுத்த வயலில் 16 மூடைதான் வந்தது. உழவுக்கூலி, விதை, அறுவடை இயந்திர வாடகை எதுவும் மூன்றில் ஒரு பங்கு குறையவில்லை என்பதால், விவசாயியின் கையில் மிஞ்சியது விளைச்சலைவிட வேகமாகக் குறைந்தது. 2022 சனவரி இறுதியில் நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபாய் இழப்பீடு தரப்படும் என்று அரசு அறிவித்தது. தடைக்குச் சொல்லப்பட்ட சேமிப்பு எங்கே போயிற்று என்பதற்கு அந்த அறிவிப்பே ஒருவகைப் பதில்.

சொன்னவர்களுக்கு நேர்ந்தது

விளைச்சல் முன்னறிவிப்பு, நடைமுறையில், விதைத்த பரப்பை எதிர்பார்க்கும் சராசரி விளைச்சலால் பெருக்குவதுதான். பரப்பைக் கள அலுவலர்கள் சேகரிக்கிறார்கள். சராசரி விளைச்சல் கடந்த போகங்களின் அனுபவத்திலிருந்து வருகிறது. மாதிரி வயல்களில் அறுத்து நிறுக்கும் அறுவடை வெட்டுப் பரிசோதனை முடிந்த பிறகே உண்மையான எண் தெரியும். வறட்சியில் இம்முறை ஓரளவு சரியாக வேலை செய்யும், ஏனெனில் தண்ணீர் இல்லையென்றால் விதைக்கும் பரப்பே சுருங்கிவிடும், எச்சரிக்கை மணி முதல் நாளே அடித்துவிடும். 2017க்கு முந்தைய மாதங்களில் நடந்தது அதுதான். 2021இல் பரப்பு அப்படியே இருந்தது, விழுந்தது விளைச்சல். பழைய சராசரியை வைத்துப் பெருக்கியவருக்கு ஆபத்து தெரிந்திருக்காது. அப்படியொரு சூழலில் எண்ணைவிட, வயலை அறிந்தவரின் சொல்தான் முன்னறிவிப்பு.

அந்தச் சொல் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பயிர் விஞ்ஞானி பேராசிரியர் புத்தி மாரம்பே தடையின் விளைவுகளைத் தொடக்கத்திலிருந்தே பகிரங்கமாக எச்சரித்துவந்தார். விவசாய அமைச்சின் குழுக்களில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். விவசாய அமைச்சின் செயலாளராகச் சில மாதங்களுக்கு முன்தான் நியமிக்கப்பட்டிருந்த பேராசிரியர் உதித் ஜயசிங்க, உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும், இப்போதே திட்டமிட வேண்டும் என்று 2021 டிசெம்பரில் கூறினார். சொன்ன சில மணி நேரத்தில் பதவி பறிபோனது. அந்த டிசெம்பரில் திட்டமிட்டிருந்தால் அரிசிக்கான கொள்வனவு ஆணைகளை உக்ரேன் போருக்கு முன்னரே கொடுத்திருக்கலாம். நிகழ்வு முழுவதிலும் மிக விலையுயர்ந்த தவறு பசளைத் தடையா, இந்தப் பதவி நீக்கமா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்லத் தயங்கமாட்டேன். தடையின் சேதம் டிசெம்பரில் நடந்து முடிந்துவிட்டது; ஆனால் அதற்குத் தயாராகும் வாய்ப்பு அப்போதும் மிச்சமிருந்தது.

2022: நெல்லுக்கு வெளியே நடந்தவை

ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. பயன்படுத்தத்தக்க கையிருப்பு சில கோடி டொலர்களாகச் சுருங்கியிருந்தது. மே மாதத்தில் பிரதமரான ரணில் விக்கிரமசிங்க, நடந்துகொண்டிருக்கும் சிறுபோகத்துக்குப் பசளை பெற நேரம் போதாமல் போகலாம், பெரும்போகத்துக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இந்தியாவின் 55 மில்லியன் டொலர் கடன் வசதியில் 65,000 தொன் யூரியாவுக்கு ஒப்பந்தமாகி, அதில் 44,000 தொன் யூலையில் வந்து சேர்ந்தது. யூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் என்றானபோது, உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் டீசலைத் தேடி விவசாயிகள் கலன்களோடு வரிசையில் நின்றார்கள். அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். வெண்டியும் கத்தரியும் வளர்ந்திருக்கலாம், நாடு வேண்டி நின்றது தானியம். சிறுபோகம் 14.6 இலட்சம் தொன்னோடு முடிந்தது.

இரண்டு போகமும் சேர்ந்து 34 சதவீத வீழ்ச்சி. ஐ.நா. அமைப்புகளின் செப்டெம்பர் அறிக்கை ஏறக்குறைய 50 சதவீதம் என்று சொல்லியிருந்தது. சிறுபோகம் முழுமையாக அளக்கப்படும் முன் செய்த மதிப்பீடு என்பதால் இந்த வேறுபாடு புரிந்துகொள்ளத்தக்கது. நிவாரணம் திரட்ட வேண்டிய தருணத்தில் குறைத்து மதிப்பிடுவதன் ஆபத்து, கூட்டி மதிப்பிடுவதன் ஆபத்தைவிடப் பெரிது என்பதையும் மறக்கக்கூடாது.

அரிசிப் பள்ளம் கடைசியில் நிரப்பப்பட்டது. 2017இல் போலவே 2022இலும் ஏழு இலட்சம் தொன்னுக்கும் மேல் அரிசி வந்தது. ஆனால் எப்படி வந்தது என்பதில்தான் இரண்டு ஆண்டுகளும் பிரிகின்றன. 2017இல் காசு கொடுத்து வாங்கினோம். 2022இல் இந்தியாவின் ஒரு பில்லியன் டொலர் கடன் வசதி, நன்கொடைகள், எங்கிருந்தோ டொலர் திரட்டிய தனியார் இறக்குமதியாளர்கள் என்று பல வாசல்களைத் தட்டவேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு சட்டமன்றத் தீர்மானம் நிறைவேற்றி 40,000 தொன் அரிசியை அளிக்க முன்வந்தது. அதன் முதல் 9,000 தொன்னை ஏற்றிய கப்பல் மே 18ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் அது இரண்டு நாளுக்கும் குறைவான அரிசி. ஆனால் ஏழைக் குடும்பங்களைத் தேடிக் கொடுக்கப்பட்ட அரிசி என்பதால், சராசரிக் கணக்கால் அதன் பயனை அளக்க முடியாது.

இன்னொரு தானியம் நெற்கணக்கில் இடம்பெறுவதே இல்லை. இலங்கையில் கோதுமை விளையாது. பாணும் ரொட்டியும் கொத்துமாக நாடு உண்பது முழுவதும் இறக்குமதி. திருகோணமலையில் பெரும் மாவாலையே இருக்கிறது, கோதுமை கடல் கடந்து வருகிறது. ரூபாயின் பெறுமதி சில வாரங்களில் பாதியாகி, உக்ரேன் போரால் உலக விலையும் ஏறியபோது, கோதுமை மாவின் விலை பல மடங்கானது. இந்த அடி மலையகத் தோட்டங்களில்தான் மிகக் கடுமையாக விழுந்தது. கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்குக் காலையிலும் இரவிலும் ரொட்டிதான் உணவு. கூலி ரூபாயில் நிலையாக நிற்க, மாவின் விலை டொலரோடு ஓடியது. மதிப்பீடுகள் அனைத்திலும் உணவுப் பாதுகாப்பின்மை தோட்டப்புறத்திலேயே அதிகமாகப் பதிவானது. அவர்களுடைய பசிக்கும் பொலன்னறுவை வயலின் விளைச்சலுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. நெல் விளைச்சல் முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும் அவர்களைப் பற்றி அது எதையும் சொல்லியிருக்காது.

சோளமும் அப்படியே. மனிதர் உண்ணும் அளவு சிறிது. கோழித்தீவனமாகப் போவதே பெரிது. சோள விளைச்சலும் இறக்குமதியும் ஒன்றாகச் சரிந்தபோது கோழிப்பண்ணைகள் மூடப்பட்டன. முட்டை ஏழைகளின் புரதம் என்ற நிலை போயிற்று. தீவனத்துக்காக அரிசியும் திருப்பிவிடப்பட்டது. என் கணக்கில் வந்த நான்கு இலட்சம் தொன் பற்றாக்குறைக்கு ஏழு இலட்சம் தொன்னுக்கு மேல் இறக்குமதி ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தீவனம் ஒரு காரணம், வெறுமையான களஞ்சியங்களை மீண்டும் நிரப்பியது இன்னொரு காரணம்.

தன்னிறைவு என்ற எண்

பல ஆண்டுகளாக இலங்கை அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு என்று பாடப்புத்தகத்திலிருந்து பாராளுமன்றம் வரை சொல்லப்பட்டது. அந்த எண் பொய்யன்று, ஆனால் அது அரிசியை மட்டுமே எண்ணியது. அந்த அரிசியை விளைவித்த யூரியா, டிரிபிள் சுப்பர் பொசுபேற்று, பொட்டாசு, உழுத டீசல், களைகொல்லி எல்லாம் கப்பலில் வந்தவை. 259 மில்லியன் டொலர் பசளை நின்றதும் தன்னிறைவு ஒரே போகத்தில் கலைந்தது. எப்பாவல பொசுபேற்றுப் படிவு உள்நாட்டில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவோர் உண்டு. அது நீரில் எளிதில் கரையாதது, நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு அப்படியே உதவாது.

எனவே உணவு வழங்கல் முன்னறிவிப்பில் நெல்லோடு இன்னும் மூன்று நிரல்கள் வேண்டும் என்பது என் வாதம்: போகம் தொடங்கும் நாளில் நாட்டுக்குள் உள்ள பசளை, அடுத்த ஆறு மாதத்தில் தானியம் வாங்க ஒதுக்கத்தக்க டொலர், ஆலைகளில் உள்ள நெல்லும் அரிசியும். முதல் இரண்டையும் 2021 செப்டெம்பரில் யாராவது ஒரே தாளில் எழுதியிருந்தால், அறுவடைக்கு ஐந்து மாதம் முன்னரே முடிவு தெரிந்திருக்கும்.

அதன் பின் நிலைமை ஓரளவு தேறியது. யூரியா மீண்டும் வந்தது, உதவி நிறுவனங்கள் டிரிபிள் சுப்பர் பொசுபேற்றை வழங்கின. 2023 மே மாதத்தில் ஐ.நா. அமைப்புகள் உணவுப் பாதுகாப்பற்றோர் தொகை 39 இலட்சமாகக் குறைந்ததாகக் கூறி, அந்த ஆண்டின் தானிய விளைச்சலை 41 இலட்சம் தொன் என்று முன்னறிவித்தன. நெல் மட்டுமே 45 இலட்சம் தொன் வந்தது.

மூன்றாவது நிரலான ஆலைகளின் கையிருப்பு மட்டும் அப்போதும் வெறுமையாகவே இருந்தது. 2024 இறுதியில், பசளைத் தடையோ டொலர் வறட்சியோ இல்லாத காலத்தில், சந்தையில் நாட்டரிசிக்கும் சிவப்பரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. விளைச்சல் போதும் என்று புள்ளிவிபரம் சொன்னது, கடையில் அரிசி இல்லை, ஆலைகளில் எவ்வளவு இருக்கிறது என்பதில் அரசும் ஆலைக்காரர்களும் வெவ்வேறு கதை சொன்னார்கள். டிசெம்பர் 20 வரை தனியார் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது, பின்னர் அது 2025 சனவரி 10 வரை நீட்டப்பட்டது. கிலோவுக்கு 65 ரூபாய் வரி கட்டி, ஏறத்தாழ 1.67 இலட்சம் தொன் அரிசி அந்தச் சில வாரங்களில் துறைமுகத்தில் இறங்கியது.